சரபோஜி மன்னரின் நன்றிக்கடன்

தஞ்சையை மராட்டியர் ஆண்ட நாளில், 1777ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் பிறந்தவர் இரண்டாம் சரபோஜி. மன்னர் துளஜா தம் மக்களையெல்லாம் இழந்து நொந்திருந்தார். அவர் 1787ஆம் ஆண்டு தம் மரபில் தோன்றிய இச்சிறுவரைச் சுவீகாரம் கொண்டார். கொண்ட சின்னாட்களில் உயிர் நீத்தார்.

இறக்குமுன் மன்னர் சிறுவரை ஒப்படைக்க விரும்பியது ஓர் அயல்நாட்டுப் பாதிரியாரிடம். அவரே சுவார்ட்ஸ். பிரஷ்ய நாட்டிற் பிறந்து, 1750இல் தமிழகம் வந்து, தமிழை நன்கு கற்றவர். ஹைதர் அலியின் படையெடுப்பால் காவிரிக் கழனிகள் பாழ்பட்டபோது, குடிகள் ஊரைத் துறந்து ஓடினர். மீண்டும் ஏர் பூட்டுமாறு அரசாங்கம் அழைத்தும் அவர்கள் வரவில்லை. விளைவு பறிபோகாது என்று சுவார்ட்ஸ் உறுதி கூறியதும் ஏறத்தாழ 7,000 பேர் வயலுக்குத் திரும்பினர். அவர் சொல்லுக்கு அத்துணை மதிப்பு இருந்தது! பொருளாசையோ அவருக்கு இல்லை. 1779இல் தூது சென்றபோது ஹைதர் வழிச்செலவுக்கெனக் கொடுத்த 300 ரூபாயையும், தஞ்சையில் அநாதைச் சிறுவர் பள்ளிக்கு முதலாக்கிவிட்டார்.

அரண்மனைப் பூசலை அஞ்சிய சுவார்ட்ஸ், மன்னரின் தம்பி அமரசிங்கரிடம் சிறுவரை ஒப்படைக்குமாறு கூறினார். அமரசிங்கரோ, சுவீகாரம் செல்லாது என்று பண்டிதர் உரைத்த தீர்ப்பின் துணைகொண்டு தாமே அரியணை ஏறினார். சரபோஜி அரண்மனையின் ஒரு பகுதியில் அடைக்கப்பட்டார். அவருக்கு ஆசிரியர் இல்லை. ஏடும் எழுத்தும் கற்க வழியில்லை. ஓடியாடிக் கற்கவேண்டிய பருவம் இருளில் கழிந்தது. செய்தியறிந்த சுவார்ட்ஸ் சென்னை அரசாங்கத்திடம் பன்முறை முறையிட்டார். அதன் பயனாக 1793இல் சரபோஜி சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். சுவார்ட்ஸும் உடன் சென்றார். அங்கே கெரிக்கே என்னும் பாதிரியார் கல்வியைத் தொடர்ந்து கற்பித்தார். ஆங்கிலமும், மேலைநாட்டு அறிவியலும், உலக வரலாறும் அவ்விளைஞருக்கு அறிமுகமாயின. சுவீகார வழக்கு மறுபடியும் ஆராயப்பட்டு, காசிப் பண்டிதரின் கருத்தும் கேட்கப்பட்டு, உரிமை அவர்க்கே என முடிவாயிற்று.

அவர் முடிசூடிக்கொண்டது 1798ஆம் ஆண்டின் நடுவில். அதைக் காண ஆசிரியர் இல்லை. அவ்வாண்டு பிப்ரவரி 13ஆம் நாளே சுவார்ட்ஸ் மறைந்துவிட்டார். சரபோஜி வந்து முகங்காணும் வரை அடக்கம் காத்திருந்தது. வந்தவர் கண்ணீர் உகுத்து, உடலின்மேல் பொன்னாடை போர்த்தி, கல்லறை வரையும் உடன் நடந்தார். இந்து சமயத்தை விட்டு அவர் என்றும் விலகியவரல்லர். எனினும் வேற்றுச் சமயத்தாரின் அடக்கத்தில் உறவினர்போல் நின்றார். பின்னர் ஆசிரியரின் கல்லறைக்காகத் தாமே ஆங்கிலத்தில் கவிதையும் இயற்றினார்.

உயிரோடிருக்கும் ஆசிரியருக்குக் காணிக்கை செலுத்துதல் எளிது. மறைந்துவிட்டவர்க்கு, அதிலும் தமக்கென ஒன்றும் வேண்டாதவர்க்கு, எதைக் கொடுப்பது? 1801இல் சரபோஜி இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதி, சலவைக்கல்லில் ஒரு நினைவுச்சின்னம் வேண்டினார். பிளாக்ஸ்மன் என்னும் புகழ்பெற்ற சிற்பி அதனைச் செதுக்கினார். அரண்மனையில் தம் முன்னோர் படங்களுக்கிடையே சுவார்ட்ஸின் படத்தையும் வைத்திருந்தார். 1806இல் அங்கு வந்த புக்கானன் என்பவருக்கு மன்னர் அதைக் காட்டினார்.

கல்லும் படமும் போதா என்று அவர் எண்ணினார் போலும். 1807ஆம் ஆண்டளவில் கண்ணந்தங்குடியில், சுவார்ட்ஸின் நினைவாக, ஏழைக் கிறித்தவச் சிறுவர் ஐம்பதின்மர் உண்டு, உடுத்து, கற்பதற்கு ஓர் அறநிலையம் ஏற்படுத்தினார். கற்கவேண்டிய வயதில் கதவடைத்த அறையில் கிடந்தவர், ஏழைப் பிள்ளைகள் கற்பதற்கு வழிதேடியதில் வியப்பில்லை. இத்தனைக்கும் அவர் பெருநிலம் ஆண்ட வேந்தரல்லர். 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி கும்பினியார் கைக்குச் சென்றுவிட்டது. ஆண்டுதோறும் ஒரு லட்சம் வராகனும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்குமே அவருக்கு எஞ்சின. நாடு போன பின்னும் அறம் நிற்கவில்லை.

இராமேசுவரம் செல்லும் வழியில், ஒரத்தநாட்டில், முக்தாம்பாள் சத்திரம் எழுந்தது. வழிப்போக்கர்க்கு உணவிட்ட அவ்விடத்திலே மாணவர்க்குக் கல்வியும் அளிக்கப்பட்டது. 1805இல் அரண்மனையில் அச்சுக்கூடம் நிறுவப்பட்டது. நாயக்கர் காலத்திலிருந்தே இருந்த சரசுவதி மகாலை அவரைப்போல் வளர்த்தவர் எவருமில்லை. 1820இல் தொடங்கிய காசி யாத்திரையின்போதும் சுவடிகளைத் திரட்டியவண்ணமே சென்றார்.

1832ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 7ஆம் நாள் மன்னர் மறைந்தார். 1918இல் அவருடைய நூலகம் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. அரச குடும்பத்தாரின் சத்திர நிதியைக் கொண்டே திருவையாற்றில் அரசர் கல்லூரி நடைபெற்றது. அங்கே முதலில் வடமொழியும், பின்னர்த் தமிழும் கற்பிக்கப்பட்டன.

பிளாக்ஸ்மன் செதுக்கிய சிற்பம் சிவகங்கைத் தோட்டத்தை அடுத்த தேவாலயத்தில் இருக்கின்றது. நோய்ப்படுக்கையில் கிடக்கும் ஆசிரியரின் கையைச் சரபோஜி பற்றியுள்ளார். கட்டிலின் கால்மாட்டில் பள்ளிச் சிறுவர் மூவர் நிற்கின்றனர்.