பொன்வாய் யோவான்

திருச்சபைச் சரித்திரத்தில் நாவன்மையாற் புகழ் பெற்றோர் பலர். அவருள், பொன்வாயர் எனப் பொருள்படும் கிறிசொஸ்தோம் என்னுங் காரணப்பெயரால் இன்றளவும் போற்றப்படுபவர் யோவான் என்னும் பெரியார்.

இவர் கி.பி. 349-ஆம் ஆண்டையொட்டிச் சீரியா நாட்டு அந்தியோகியா மாநகரிற் பிறந்தார். சேனையிற் பதவி வகித்த தந்தை சின்னாளிற் காலமானார். இருபது வயதிற் கைம்மையெய்திய அன்னை அந்தூசா, மறுமணத்தை விரும்பாது மைந்தனைப் பேணி வளர்த்தாள். லிபானியுஸ் என்னும் புறச்சமய ஆசிரியரிடம் யோவான் சொற்கலை பயின்றார். பின்னர் ஞானஸ்நானம் பெற்று, மலைக்குகையில் தவம் புரிந்து, உடல்நலங் குன்றித் திரும்பினார். 386-இல் குருப்பட்டம் பெற்றார்.

டிசம்பர் 25-ஆந் தேதியைக் கிறிஸ்து பிறப்புத் திருநாளாகக் கொண்டாடும் வழக்கம், மேற்றிசைச் சபைகளினின்று அந்தியோகியாவிற்கு வந்து அப்பொழுது பத்தாண்டுகள் நிறைந்தில. இது புதுமையென்று சிலர் ஐயுற்றனர். யோவான் அத்திருநாளின் நியாயத்தை விளக்கி, வானமுங் கொள்ளாத தேவ மகிமை முன்னணையில் அடங்கிய அற்புதத்தை யாவருமறியப் பிரசங்கித்தார். தேவ தத்துவம் முழுவதையும் அறிந்துவிட்டோமெனத் தருக்கியவர்களுக்கு, சேராபீன்களும் முகத்தை மூடிக்கொள்ளும் அம்மகிமையை மனித அறிவு அளவிடுதல் கூடாதென்று உணர்த்தினார்.

387-இல் லெந்து காலம் நெருங்கியபொழுது, வரிச்சுமை பொறாத ஜனங்கள் தெயோதோசியுச் சக்கரவர்த்தியின் குடும்பச் சிலைகளை வீழ்த்தினர். நகரம் அழிக்கப்படுமோவென யாவரும் நடுங்கினர். முதியவரான அத்தியட்சர் பிலவியான் மன்னிப்பு வேண்டித் தலைநகர் சென்றார். யோவானோ லெந்து முழுவதும் பிரசங்கஞ் செய்து, ஜனங்களைத் தேற்றியுங் கண்டித்தும் வந்தார். வீழ்ந்த சிலையை மீண்டும் வார்க்கலாம், கொலையுண்ட மனிதனை எழுப்புதல் அரசனாலும் ஆகாதென்று மலைத்துறவியொருவர் அதிகாரிகளிடம் வழக்காடியதையும் அவர் எடுத்துரைத்தார். உயிர்ப்புத் திருநாளையொட்டி மன்னிப்புடன் பிலவியான் திரும்பினார்.

398-இல் யோவான் கொன்ஸ்தாந்திநோபிளின் பேரத்தியட்சரானார். அத்தியட்சர் மாளிகையின் வீண்செலவைக் குறைத்து, நோயாளருக்கு மருத்துவ சாலைகள் நிறுவினார். பொற்பாத்திரங்களால் ஆலயத்தை அலங்கரித்துவிட்டு, வாயிலில் நிற்கும் ஏழையை ஆடையின்றி விடுவது தேவ மகிமையாகாதென்பது அவர் போதனை. இது செல்வர்க்குங் கசந்தது, அரண்மனைக்குங் கசந்தது. அரசி யுதோக்சியாளின் வெள்ளிச் சிலை ஆலயத்தருகே ஆரவாரத்துடன் நிறுவப்பட்டதை அவர் கண்டித்தார். 404-இல், உயிர்ப்புத் திருநாளின் முன்னிரவில், ஞானஸ்நானம் பெறக் கூடியிருந்தோரைப் போர்வீரர் புகுந்து சிதறடித்தனர். ஜூன் மாதத்தில் யோவான் அர்மேனியா நாட்டுக் குக்குசுஸுக்கு நாடுகடத்தப்பட்டார். அங்கிருந்து கருங்கடற்கரைக்கு வெயிலிலும் மழையிலும் நடத்திச் செல்லப்பட்டு, 407 செப்டெம்பர் 14-இல் கொமானாவில், யாவற்றிற்காகவுந் தேவனை மகிமைப்படுத்தியவராய் உயிர்நீத்தார் என்பர்.

யூதருக்கு விரோதமாக அவர் கூறிய கடுஞ்சொற்கள் அவர் புகழுக்கு நீங்கா மாசு. பிற்காலத்தார் அவற்றைத் தீமைக்குப் பயன்படுத்தியதும் மறைத்தற்பாலதன்று. எனினும், அரசியின் மகன் இரண்டாந் தெயோதோசியுஸ் 438-இல் அவருடைய எலும்புகளைத் தலைநகருக்குத் தருவித்து, தன் பெற்றோர் பிழைக்காக மன்னிப்பு வேண்டினான். வெள்ளிச் சிலை அழிந்துபோயிற்று. தேவ மகிமையையன்றி வேறு மகிமைக்குத் தலைவணங்காத நாவின் சொல்லோ, இன்றும் ஆலயங்களில் ஒலிக்கின்றது.