பாங்காக்கில் ஒரு பகல்: பட்டுக்குப் பேர் வாங்கிக்கொடுத்து, காட்டில் காணாமல்போன மனிதர்!

பாங்காக்னு சொன்னதும் உங்க மனசுல என்ன ஓடும்? காவோ சான் ரோடு கூட்டம், பாட்பாங் தெருவின் கலர் விளக்குகள், விடிய விடிய பார்ட்டி. வாட்ஸ்அப் குரூப்ல டிரிப் பிளான் போட்டா ராத்திரிக்குத்தான் லிஸ்ட் நீளும். பகல்? அது தூங்கறதுக்கு! அந்தப் பகல்ல ரெண்டு மணி நேரத்தை மட்டும் ஜிம் தாம்ப்சனுக்குக் கொடுங்க.

1906-ல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் பிறந்தவர். தொழில், கட்டடங்களை வடிவமைப்பது. இரண்டாம் உலகப்போரில் ஓ.எஸ்.எஸ் என்ற அமெரிக்க உளவு அமைப்பில் சேர்ந்தார். 1945-ல் போர் முடிந்த கையோடு பாங்காக் வந்து இறங்கினார். ஊர் பிடிச்சுப்போச்சு. அங்கேயே தங்கிவிட்டார்.

கால்வாய்க் கரைத் தறிகள்

சான் சாப் கால்வாய்க் கரையில் பான் க்ருவா என்று ஒரு குடியிருப்பு. அங்கே சாம் இன முஸ்லிம் குடும்பங்கள் பட்டு நெய்துவந்தன. ஆனா, விலை மலிவான மில் துணி வந்த பிறகு கைத்தறிப் பட்டை வாங்க ஆள் இல்லை. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டிருந்தன.

1947-ல் அந்தப் பட்டுத் துணிகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு நியூயார்க் போனார் தாம்ப்சன். 'வோக்' ஃபேஷன் பத்திரிகையின் ஆசிரியருக்கு அவை பிடித்துப்போயின. அடுத்த வருஷமே தாய் சில்க் கம்பெனி தொடங்கியது. சாயம் போகாத நிறங்கள், அகலமான தறிகள் என மாற்றங்கள் வந்தன. நெசவாளர்கள், பெரும்பாலும் பெண்கள், வீட்டில் இருந்தபடியே நெய்து சம்பாதித்தார்கள். 1951-ல் 'தி கிங் அண்ட் ஐ' பிராட்வே நாடகத்தின் உடைகளில் தாய்ப் பட்டு ஜொலிக்க, உலகமே திரும்பிப் பார்த்தது.

ஆறு வீடுகள் சேர்ந்த ஒரே வீடு

பணம் வந்ததும் தாம்ப்சன் பங்களா கட்டவில்லை. பழைய தேக்கு மர வீடுகளைத் தேடிப்பிடித்து, பிரித்துக் கொண்டுவந்து, ஆறு வீடுகளை ஒரே வீடாக இணைத்தார். சில அயுத்தயாவிலிருந்து வந்தவை. ஒன்று, எதிர்க்கரை பான் க்ருவாவில் இருந்தது. வெளிச்சுவரின் வேலைப்பாடுகள் உள்ளே இருந்து தெரியும்படி சுவர்களைத் திருப்பிவைத்தார். 1959-ல், நல்ல நாள் பார்த்துக் குடியேறினார்.

எல்லோருக்கும் அவர் ஹீரோ இல்லை. ஒரு வெளிநாட்டுக்காரர் எங்கள் கலைப் பொருள்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி எழுந்தது. 1962-ல் அவரிடம் இருந்த பழமையான புத்தர் சிற்பங்கள் சிலவற்றை தாய்லாந்து அரசு எடுத்துக்கொண்டது. அவருக்கு அது பெரிய மனவருத்தம். ஆனா, அந்தக் கேள்வி நியாயமானதுதானே?

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாக்கிங்

1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. மலேசியாவின் கேமரன் மலையில் நண்பர்களின் பங்களாவில் தங்கியிருந்தார். 61 வயது முடிந்து ஐந்தே நாள். மதியத்துக்கு மேல் வெளியே நடந்து போனவர் திரும்பவே இல்லை. போலீஸ், ராணுவம், காட்டை அறிந்த பழங்குடிகள் எனப் பலர் தேடினார்கள். ஒரு தடயமும் சிக்கவில்லை. 1974-ல் சட்டப்படி இறந்தவராக அறிவிக்கப்பட்டார்.

அவர் வீடு இப்போ மியூசியம். நேஷனல் ஸ்டேடியம் ரயில் நிலையத்தில் இறங்கி, கொஞ்ச தூரம் நடந்தா போதும். பார்த்து முடிச்சதும் செல்ஃபியோட கிளம்பிடாதீங்க. கால்வாயின் எதிர்க்கரையையும் பாருங்க. பட்டு பெரிய பிசினஸ் ஆனதும் நெசவு பாக் தாங் சாய் போன்ற வெளியூர்களுக்குப் போய்விட்டது. பான் க்ருவாவில் மிச்சமிருக்கும் தறிகள் ரொம்பக் குறைவு. தாம்ப்சன் பேர் கடை கடையாகத் தொங்குது. அவரை தாம்ப்சனாக்கிய கைகளின் பேர் எந்தப் பலகையிலும் இல்லை. முடிஞ்சா பாலம் தாண்டி, அந்தச் சந்துகளுக்குள்ளும் ஒருமுறை நடந்துட்டு வாங்க.

அப்புறம் என்ன, ராத்திரி பார்ட்டி எங்கேயும் போயிடாது!