முன்ஷியிடம் பாடம் கேட்ட தாம்சன் துரை

தேக்காவிலிருந்து நொவீனா பக்கம் போய்வரும் அன்பர்களுக்குத் தாம்சன் சாலை புதிதல்ல. 2020-ல் ஓடத் தொடங்கிய ரயில் தடமும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் அந்தத் தாம்சன் யார், அவருக்கும் நாகூர் வழிவந்த ஒருவருக்கும் என்ன உறவு என்பதை நம்மில் பலர் அறியோம்.

ஜான் டர்ன்புல் தாம்சன் 1821-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வட கோடியான நார்தம்பர்லாந்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். 1838-ல் பினாங்குக்கு வந்து தோட்டங்களை அளக்கும் வேலை பார்த்தார். 1841-ல் சிங்கப்பூரின் சர்க்கார் நில அளவையாளராக நியமனம் பெற்றபோது அவருக்கு வயது இருபதுதான்! இன்று அந்த வயதுப் பிள்ளையை நம்பி நாம் வீட்டுச் சாவியைக் கொடுக்கவே யோசிப்போம்.

சாலை, பாலம், கட்டடம் எல்லாம் அவர் பொறுப்பாயின. பேர்ல்ஸ் குன்றில் டான் டொக் செங் மருத்துவமனையின் முதற் கட்டடம் அவர் வரைந்தது. பீச் ரோட்டிலுள்ள ஹாஜா பாத்திமா பள்ளிவாசலையும் அவரே வரைந்தார் என்று சொல்லுவர். அதன் மனோரா, அவர் பழைய செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்திற்கு அமைத்த கோபுரத்தை ஒத்திருப்பதே இதற்குக் காரணம்.

எல்லாவற்றிலும் பெரியது ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம். சிங்கப்பூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 24 கடல் மைல் தூரத்தில், அலை புரளும் ஒரு வெள்ளைப் பாறை. எத்தனையோ கப்பல்கள் அங்கே மோதி அழிந்தன. 1850 மே 24-ல் அடிக்கல் வைத்தார்கள். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பாறையை நெருங்கவே முடியாது. எனவே எஞ்சிய மாதங்களில்தான் வேலை. புலாவ் ஊபினில் கருங்கல் வெட்டி, படகில் ஏற்றிக் கொண்டு போக வேண்டும். சீனக் கல்தச்சர்களும் மலாய்ப் படகோட்டிகளும் இந்தியாவிலிருந்து தண்டனை பெற்று வந்த கைதிகளும் அந்தப் பாறையில் பாடுபட்டார்கள். மறு ஆண்டு அக்டோபர் 15-ல் விளக்கு எரிந்தது. அப்பாறை எந்த நாட்டுக்கு உரியது என்ற வழக்கில் அனைத்துலக நீதிமன்றம் 2008-ல் சிங்கப்பூருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தாம்சன் எழுதி வைத்த கட்டுமான விவரங்கள் அந்த வழக்கிலும் எடுத்துப் பேசப்பட்டன. அவரோ அந்த உழைப்பில் உடல் நலம் கெட்டு, 1853-ல் தாயகம் திரும்பினார்.

இனி நம்மவர் விஷயத்திற்கு வருவோம். சிங்கப்பூரில் தாம்சனுக்கு மலாய் மொழி கற்பித்தவர் முன்ஷி அப்துல்லாஹ். அவருடைய பாட்டனாரின் தந்தை ஏமனிலிருந்து நாகூர் வந்து, அங்கே தமிழ்ப் பெண்ணை மணந்தவர். மலாக்காவில் பிறந்த அப்துல்லாஹ்வும் இளமையில் தமிழ் படித்தார். கணக்கு வழக்குக்குத் தமிழ் வேண்டும் என்பது அக்காலத்து மலாக்கா வழக்கம். தம் வரலாற்றை மலாயில் எழுதி 1849-ல் அச்சிட்ட அப்துல்லாஹ், 1854-ல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார், திரும்பி வரவில்லை.

தாம்சன் 1856-ல் நியூஸிலாந்து சென்று, ஒடாகோ மாநிலத்தின் தலைமை நில அளவையாளரானார். இன்வர்கார்கில் நகருக்குத் தெருக்கள் வகுத்ததும் அவரே. 1858-ல் ஜேன் வில்லியம்சன் என்பாரை மணந்தார். ஒன்பது பெண் மக்கள். ஒன்பது பெண்களைப் பெற்றவரின் வீட்டுக் கவலைகளை நம் வாசகர்களுக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குடும்ப பாரத்துக்கும் உத்தியோக பாரத்துக்கும் நடுவே, சிங்கப்பூரை விட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலான பின்பும், தம் ஆசிரியரை அவர் மறக்கவில்லை. அப்துல்லாஹ் எழுதியதன் பல பகுதிகளை ஆங்கிலமாக்கி, தம் கருத்துரைகளையும் சேர்த்து, 1874-ல் நூலாக வெளியிட்டார். முழு நூலன்று, தேர்ந்தெடுத்த பகுதிகளே. ஆயினும் மலாய் அறியாத பலர் முன்ஷியின் பேச்சைக் கேட்க அது வழி செய்தது. கட்டிய கட்டடங்களைக் காட்டிலும் இதையே நாம் அவர் கணக்கில் முதலில் எழுதுவோம்.

1876-ல் நியூஸிலாந்தின் முதல் தலைமை அளவை அதிகாரியாகி, 1879-ல் ஓய்வு பெற்றார். தாம் தெரு வகுத்த இன்வர்கார்கிலிலேயே குடும்பத்தோடு வாழ்ந்து, 1884 அக்டோபர் 16-ல் காலமானார்.