மலைநாட்டுச் செவிலி

பிறர் துன்பங் கண்டு இரங்குவோர் உலகிற் பலர். அத்துன்பத்தைத் துடைக்கும் ஆற்றலைத் தேடிக் கற்போர் சிலரே. அச்சிலருள் ஒருவர் மேரி பிரெக்கின்ரிட்ஜ் அம்மையார்.

இவர் 1881ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17ஆம் நாள் அமெரிக்க நாட்டு மெம்பிசு நகரில் பிறந்தார். இவர்தம் பாட்டனார் அந்நாட்டின் துணைக் குடியரசுத் தலைவராய் விளங்கியவர். தந்தையார் உருசிய நாட்டில் அமெரிக்கத் தூதராய் இருந்தவர். 1904இல் மணம் புரிந்த மேரி, இரண்டே ஆண்டுகளில் கணவரை இழந்தார். துயரில் மூழ்கி வாளாவிராமல், நியூயார்க்கு நகரில் செவிலியர் கல்வி பயின்று, 1910இல் தேர்ச்சி பெற்றார்.

பின்னர் மறுமணம் செய்துகொண்டார். 1916இல் பிறந்த பெண்மகவு ஒரு நாளும் நிறைவதற்குள் இறந்தது. அருமை மைந்தனும் நான்கு வயதில், 1918இல், நோயுற்று மாண்டான். தம் மக்களைக் காக்க இயலாத அவ்வன்னையார், பிறர் மக்களைக் காப்பதே தம் வாழ்வின் பயன் எனத் துணிந்தார்.

முதல் உலகப் போரால் பாழடைந்த பிரெஞ்சு நாட்டிற்குச் சென்று, தாய்மார்க்கும் குழந்தைகட்கும் தொண்டு புரிந்தார். அக்காலத்தில் ஓர் உண்மை அவர்க்குப் புலனாயிற்று. அமெரிக்காவில் செவிலியர் மகப்பேறு பார்க்கக் கற்றிலர். ஊர் மருத்துவச்சியர் செவிலியர் கல்வி பெற்றிலர். பிரிட்டனிலோ இரண்டையும் ஒருங்கே கற்ற மகளிர் அரும்பணி ஆற்றி வந்தனர். ஆற்றின் இரு கரைபோற் பிரிந்து கிடந்த இவ்விரு கல்விக்கும் பாலம் அமைக்க எண்ணிய அம்மையார், நாற்பது வயதைக் கடந்த பின்னரும் நாணாது மாணவியாய் அமர்ந்து, இலண்டனில் மகப்பேற்றுக் கல்வி பயின்று சான்றிதழ் பெற்றார்.

1925ஆம் ஆண்டு கெண்டக்கி மாநிலத்து மலைநாட்டில் தம் பணியைத் தொடங்கினார். அங்கே நல்ல சாலைகள் இல்லை. மருத்துவரைக் காண்டலோ அரிது. ஆதலின் செவிலியர் குதிரையேறிச் சென்றனர். மழையும் பனியும் பாராது, பெருகிய ஆறுகளைக் கடந்து, குடிசைதோறும் புகுந்து பேறு பார்த்தனர், நோயாளரைப் பேணினர், தடுப்பூசி இட்டனர். மருத்துவர் வகுத்தளித்த நெறிமுறைகளைத் துணையாகக் கொண்டு, குடும்பம் முழுவதற்கும் தாமே மருத்துவம் செய்தனர். பணமில்லாதார் விறகும் தானியமும் கொடுத்துக் கடன் தீர்த்தனர். 1928இல் ஐடன் என்னும் ஊரில் மருத்துவமனையும் எழுந்தது. முதல் ஆயிரம் பேறுகளை ஆராய்ந்த காப்பீட்டுக் கழகத்தார், அங்குத் தாய்மார் இறப்பு நாட்டின் பிற பகுதிகளினும் மிகக் குறைவெனக் கண்டனர்.

1931இல் குதிரையினின்று விழுந்து அம்மையாரின் முதுகெலும்பு முறிந்தது. எனினும் அவர் ஊக்கம் முறியவில்லை. 1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்டதும், உடனுழைத்த ஆங்கிலச் செவிலியர் பலர் தாய்நாடு திரும்பினர். இனிப் பிறநாட்டை எதிர்நோக்கலாகாது எனக் கருதி, அவ்வாண்டே மலைநாட்டிலேயே செவிலியர்க்கு மகப்பேற்றுக் கல்வி புகட்டும் பள்ளியைத் தொடங்கினார்.

1965ஆம் ஆண்டு மே திங்கள் 16ஆம் நாள் அம்மையார் மறைந்தார். அவ்வாண்டிலேயே கொலராடோ பல்கலைக்கழகத்தில், செவிலியர் மேலும் பயின்று நோயை ஆய்ந்தறிந்து மருத்துவம் செய்தற்குரிய கல்வி தோன்றியது. அம்மையாரின் பள்ளியும் 1970இல் குடும்பச் செவிலியர்க்கு அத்தகைய கல்வியைத் தொடங்கியது. பின்னாளில், பட்டம் பெறாத பதிவுச் செவிலியரும் அவ்வுயர்நிலையை எய்துதற்கு இடைநிலைப் பாலக் கல்வியையும் அது வகுத்தது.

ஒரு முறை கற்றதே போதும் என்று அம்மையார் அமைந்திருப்பின், மலைநாட்டுத் தாய்மார் பலர் துணையின்றி மடிந்திருப்பர். கற்றபின்னும் கற்றலே தொண்டினைச் சிறப்பிக்கும் என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.