பண்டிதர் விட்டுச்சென்ற பணி

மே மாதம் நமக்கு நினைவுகள் செறிந்த மாதமாகும். பகவன் புத்தரின் திருநாளாகிய வைகாசிப் பௌர்ணமி பெரும்பாலும் அம்மாதத்திலேயே வருகின்றது. தென்னாட்டில் தன்மத்தை மீண்டும் நிலைநாட்டிய க. அயோத்திதாசப் பண்டிதர் பிறந்தது 1845ஆம் ஆண்டு மே 20. மறைந்தது 1914ஆம் ஆண்டு மே 5. அந்நாட்களில் அவர்தம் திருவுருவப் படத்திற்கு மாலை சூட்டுகின்றோம்; விளக்கேற்றுகின்றோம். அது நன்றே. ஆயினும், மறைந்த பெரியாரைப் போற்றும் வழி மாலையோடு முடிவதன்று என்பதை அவர் வாழ்வே நமக்கு உணர்த்துகின்றது.

பண்டிதருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமிழும் சித்த மருத்துவமும் கற்பித்த தம் ஆசிரியரின் பெயராகிய அயோத்திதாசர் என்பதையே தமக்குரியதாக ஏற்றுக்கொண்டார். ஆசானிடம் பெற்ற கல்வியைப் பிறர்க்கு வழங்குவதே ஆசானுக்குச் செய்யும் வழிபாடு என அவர் எண்ணினார் போலும். அவர்தம் பாட்டனார் கந்தப்பன் என்பார், ஆரிங்டன் துரையிடம் பணிபுரிந்தவர். தம் இல்லத்திலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடிகளைத் துரை வழியாக எல்லிஸ் துரையின் கைக்குச் சேர்ப்பித்தவர் அவரே எனப் பண்டிதர் எழுதியுள்ளார். கல்லாதவர் என்று பிறரால் இகழப்பட்ட மக்கள், ஏடுகளைக் காத்து வந்த குடியினர் என்பதற்கு அவ்வில்லமே சான்றாயிற்று.

சென்னையில் பிறந்த பண்டிதர் இளமைக் காலத்தை நீலகிரியில் கழித்தார். அங்கே வேதாந்தத்தில் ஈடுபட்டு அத்வைதானந்த சபையை நிறுவினார். எல்லா உயிரும் ஒன்றெனக் கூறும் கொள்கை, மனிதரைப் பிரித்து வைக்கும் சாதியை ஒழிக்கவில்லை என்பதை நாளடைவில் கண்டார். ஒடுக்கப்பட்டோர் இந்துக்கள் அல்லர் என 1886இல் அறிவித்தார்.

1891ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் உதகமண்டலத்தில் திராவிட மகாஜன சபையின் மாநாடு கூடிற்று. பத்துத் தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டன. கல்வி, நீர்நிலை, அரசுப்பணி, சிறைச்சாலை விதி, இழிசொல்லுக்குத் தண்டனை எனப் பலவும் அவற்றுள் அடங்கின. அத்தீர்மானங்கள் காங்கிரசு மகாசபைக்கும் அனுப்பப்பட்டன. பெற்றுக்கொண்டோம் என்னும் மறுமொழி வந்தது. அதற்கப்பால் ஒன்றும் நிகழவில்லை.

அடுத்த ஆண்டு, 1892இல், சென்னை விக்டோரியா மண்டபத்தில் மகாஜன சபையின் கூட்டம் நடைபெற்றது. நீலகிரியின் சார்பில் பண்டிதர் அங்குச் சென்றார். கோயில்கள் எல்லார்க்கும் பொதுவெனில், தம் மக்களையும் அவற்றினுள் ஏன் விடலாகாது எனக் கேட்டார். அவையில் கூச்சல் எழுந்தது. உயர்ந்த தெய்வங்கள் உங்களுக்குரியன அல்ல, மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனுமே உங்களுக்குப் போதும் எனச் சாத்திரியார் ஒருவர் எழுந்துரைத்தார். பண்டிதர் சினந்து வெளியேறவில்லை. அப்படியாயின் உங்கள் தெய்வங்கள் எங்களுக்கு வேண்டா; எங்கள் சிறுவர்க்கு நான்காம் வகுப்பு வரையில் இலவசக் கல்வியும், எளியவர்க்குத் தரிசு நிலமும் கிடைக்கத் துணைபுரியுங்கள் என்று கேட்டார். இறைவனைக் கேட்டவர்க்கு இழிவு கிடைத்தது. அவர் அந்த அவையிலேயே பள்ளியையும் நிலத்தையும் கேட்டார். அவர் அறிவின் திண்மைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பழந்தமிழ் நூல்களை ஆராய்ந்த பண்டிதர், சாதியற்ற பௌத்தமே தம் முன்னோர் நெறி எனத் தெளிந்தார். 1898இல் கர்னல் ஆல்காட்டின் துணைகொண்டு, ஆசிரியர் கிருஷ்ணசாமியாருடன் இலங்கை சென்றார். அங்குச் சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் பெற்றார். சென்னை திரும்பியதும் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார்.

1907ஆம் ஆண்டு ஜூன் 19, புதன்கிழமை, ஒரு பைசாத் தமிழன் என்னும் வார இதழ் வெளிவந்தது. அதன் விலை அதன் பெயரிலேயே இருந்தது. உழைப்பாளியும் வாங்கிப் படிக்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். ஓராண்டிற்குப் பின்னர்த் தமிழன் எனப் பெயர் சுருங்கிற்று; அதன் குரலோ பெருகிற்று. தன்மம், வரலாறு, மருத்துவம், விவசாயம், அரசியல் ஆகிய யாவற்றையும் அவ்விதழில் எழுதினார். நாடி வந்த பிணியாளர்க்கு மருந்தளித்துக்கொண்டே ஆறு ஆண்டுகளுக்கு மேல் இதழை நடத்தினார். பெங்களூர், இரங்கூன், தென்னாப்பிரிக்காவின் டர்பன் எனத் தமிழ் உழைப்பாளர் குடியேறிய இடங்களில் எல்லாம் அதற்கு வாசகர் இருந்தனர்.

நம் கோலார் தங்கவயல் அவற்றுள் முதன்மையானது. 1880 முதல் ஆங்கிலக் கம்பெனியார் தோண்டிய சுரங்கங்களில் இறங்கியவருள் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டுத் தமிழர். பகலும் இரவும் அறியாத ஆழத்தில் உழைத்த அவர்கள், மேலே வந்ததும் தமிழன் இதழைக் கையிலெடுத்தனர். படிக்க அறிந்தவர் படிக்க, அறியாதவர் சூழ்ந்திருந்து கேட்டனர். மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் பௌத்த சங்கங்கள் எழுந்தன.

1914இல் பண்டிதர் மறைந்தார். அவர் மைந்தர் பட்டாபிராமன் சிறிது காலம் இதழை நடத்தினார். பின்னர் அது நின்றுபோயிற்று. பண்டிதரோடு பணியும் மறைந்தது எனப் பகைவர் கருதியிருக்கலாம். ஆனால் 1926இல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து தமிழன் இதழை மீண்டும் தொடங்கினார். சித்தார்த்தா புத்தகசாலையார் பண்டிதரின் நூல்களை அச்சிட்டு வழங்கினர். 1950களிலும் அப்பணி தொடர்ந்தது. அவர்கள் பண்டிதருக்குச் சிலை எழுப்பவில்லை. அவர் நிறுத்திய இடத்தில் எழுதுகோலை எடுத்தார்கள். அதனாலன்றோ பிற்காலத்தார் அவரைப் படிக்க இயன்றது! 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த பண்டிதர் சிந்தனைகள் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தன. 2005இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

அன்பர்களே! தங்கச் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. நம் இளைஞர் பலர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து இரவில் திரும்புகின்றனர். பிழைப்பு மாறிற்று, பண்டிதர் விட்டுச்சென்ற பணியோ மாறவில்லை. அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கு நினைவூட்டுவோம்.

1911ஆம் ஆண்டுக் குடிமதிப்பு நெருங்கியபோது, கேட்க வரும் அதிகாரியிடம் பௌத்தர் என்றே பதிவு செய்யுங்கள் எனப் பண்டிதர் வலியுறுத்தினார். பிறர் இட்ட பெயரைச் சுமப்பவன் பிறர் இட்ட இடத்திலேயே நிற்பான் என்பது அவர் கருத்து. நம்முள் சிலரோ, விகாரையில் திரிசரணம் ஓதிவிட்டு, அரசுத் தாளில் வேறு மதத்தை எழுதுகின்றனர். அவர்களை இகழ்தல் தகாது. பிள்ளைகளின் கல்விச் சலுகை போய்விடுமோ என்னும் அச்சமே அதற்குக் காரணம். அவ்வச்சத்திற்கு ஒரு காலத்தில் ஆதாரம் இருந்தது. 1950ஆம் ஆண்டு ஆணை, பட்டியல் சாதியாருக்குரிய உரிமையை இந்துக்களுக்கென்றே வரையறுத்தது. 1956இல் சீக்கியர் சேர்க்கப்பட்டனர். பௌத்தரும் 1990இல் சட்டத் திருத்தத்தின் வழியாகச் சேர்க்கப்பட்டனர். ஆகவே, பட்டியலில் உள்ள வகுப்பினர் பௌத்தர் எனப் பதிவதால் அவ்வுரிமையைச் சட்டம் பறிப்பதில்லை. இதனை அறியாத இல்லங்கள் இன்னும் பல உள.

2027ஆம் ஆண்டுக் குடிமதிப்பிற்கு அரசு 2025இல் அறிவிக்கை வெளியிட்டது. குடிமதிப்பு எப்போது வரினும், அதற்கு முன்னரே நம் சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும் பத்து இல்லங்களுக்கேனும் சென்று இச்செய்தியை விளக்கிக் கூறுதல் வேண்டும். வாசிக்கத் தெரியாத முதியோர் அருகில் அமர்ந்து, அவர்கள் ஐயம் தீரும்வரை பேசுதல் வேண்டும். அன்று தமிழன் இதழைப் படித்துக் காட்டிய தங்கவயல் தொழிலாளி செய்ததும் இதுவே.

மே 5ஆம் நாள் மாலையில் விளக்கேற்றுவோம். அதன்பின், அண்டை வீட்டுக் கதவைத் தட்டுவோம்.