அணுக்களுக்கு இடம் அளந்தவர்

மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி சங்கச் செயலாளர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். விடுதிச் சாப்பாடு, பழைய வாத்தியார்கள் பற்றியெல்லாம் மற்ற நண்பர்கள் எழுதிவிடுவார்கள். நான் பேராசிரியர் ஜி.என். ராமச்சந்திரன் அவர்களைப் பற்றி எழுதுகிறேன். ஒரு பழைய வெட்கமும் காரணம்.

இலுப்பூரிலிருந்து விராலிமலை வழியாகத் திருச்சிக்கு பஸ் ஏறி வந்து படித்தவன் நான். மூன்று வருஷமும் மெயின்கார்டு கேட் பக்கம், செயின்ட் ஜோசப் கல்லூரி மதிலை ஒட்டித்தான் நடந்திருக்கிறேன். பிறகு எம்.எஸ்ஸி.யில் ராமச்சந்திரன் வரைபடம் என்று ஒன்று வந்தது. வெளிநாட்டுப் புத்தகத்தில் இருந்ததால், அமெரிக்காவில் குடியேறின யாரோ என்று நினைத்துக்கொண்டு படம் போட்டு மார்க் வாங்கினேன். அவர் 1942-ல் அதே மதிலுக்குள் இயற்பியல் ஆனர்ஸ் முடித்தவர், வரைபடம் பிறந்தது சென்னையில் என்பதெல்லாம் வாத்தியார் வேலைக்கு வந்த பிறகுதான் தெரிஞ்சுது.

1922 அக்டோபர் 8-ல் எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். அப்பா கணிதப் பேராசிரியர். பெங்களூரில் மின்பொறியியலில் சேர்ந்தவரை இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டவர் சர் சி.வி. ராமன். கேம்பிரிட்ஜில் 1949-ல் டாக்டர் பட்டம். 1952-ல், முப்பது வயசு வாக்கில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்துவிட்டார். துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் அவருக்குப் பெரிய துணை.

நம் தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் இருக்கிற கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு அப்போது யாருக்கும் பிடிபடவில்லை. சென்னைக்கு வந்த பெர்னால் என்ற ஆங்கில விஞ்ஞானி இதை எடுத்துச் சொல்ல, ராமச்சந்திரன் பிடித்துக்கொண்டார். கங்காரு வால் தசைநாணில் எக்ஸ்-கதிரைச் செலுத்திப் படம் எடுத்து, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-ல் நேச்சர் பத்திரிகையில் விடையை வெளியிட்டார். மூன்று இழைகள், அடுத்த வருஷம் அவை ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருப்பதாகத் திருத்தினார். நம்ம ஊர் முப்புரிக் கயிறுதான், வேறொன்றுமில்லை. கயிற்றின் நடுவில் இடம் ரொம்பக் குறைவு. அதனால் மூன்றில் ஒன்று மிகச்சிறிய கிளைசினாகவே இருந்தாக வேண்டும். அந்த இடத்தில் வேறொன்று மாறி உட்கார்ந்தால் குழந்தையின் எலும்பு தொட்டதுக்கெல்லாம் முறிகிற நோய் வருகிறது. வைட்டமின் சி இல்லாவிட்டால் முறுக்கு உறுதிப்படுவதில்லை, ஈறில் ரத்தம் வருகிறது. அமைப்புக்கும் வேலைக்கும் உள்ள உறவை நான் பிள்ளைகளுக்கு இதை வைத்துத்தான் சொல்வது.

கேம்பிரிட்ஜிலிருந்து ரிச், கிரிக் இருவரும் (டி.என்.ஏ. புகழ் கிரிக்தான்) மறுப்பு எழுதினார்கள். இவர் அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்பது குற்றச்சாட்டு. ஹைட்ரஜன் பிணைப்பு விஷயத்தில் அவர்கள் சொன்னதே பின்னால் நின்றது, முப்புரி இவருடையது. பாருங்க, வேறு ஆளாயிருந்தால் பதிலுக்குப் பதில் எழுதிச் சண்டை போட்டே காலத்தைக் கழித்திருப்பார். ராமச்சந்திரன் வேறு கேள்வியைக் கேட்டார். இரண்டு அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? அதுவரை தெரிந்த படிகங்களையெல்லாம் தேடி, தூரங்களை அளந்து வரம்பு கட்டினார்.

புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் மடங்காத அட்டை மாதிரி. இலுப்பூரில் பாடம் நடத்தும்போது பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி, இரண்டு துண்டையும் மூலையில் குண்டூசியால் கோத்துக் கொடுப்பேன். திருப்பிக்கொண்டே வந்த ஒரு பெண், பாதிப் பக்கம் முட்டுது சார் என்று கத்திவிட்டாள். விஷயம் அவ்வளவுதான்! ஃபை, சை என்ற இரண்டு கோணங்களில் எவையெவை முட்டாமல் திரும்பும் என்று சசிசேகரனும் ராமகிருஷ்ணனும் அவரோடு சேர்ந்து மேசைக் கால்குலேட்டரில் கணக்குப் போட்டார்கள். 1963-ல் வரைபடம் வெளியானது. படத்தில் பெரும்பகுதி வெற்றிடம். அனுமதி கொஞ்ச இடத்துக்குத்தான்.

அணு அளவில் அப்போது தெரிந்த புரதம் மயோகுளோபின் ஒன்றுதான். இன்று எக்ஸ்-கதிர், என்.எம்.ஆர்., உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி என்று பல வழிகளில் 2 லட்சத்துக்கும் மேல் தெரியும். எந்த வழியில் கண்டாலும் இந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். 2024 நோபல் பரிசு பெற்ற கம்ப்யூட்டர் கணிப்புகளுக்கும் இதே சோதனைதான். அவருக்கு நோபல் வரவில்லை. எனக்கு அந்த வருத்தம் உண்டு.

1970-ல் சென்னையை விட்டவர், பெங்களூரில் மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவைத் தொடங்கினார். 1971-ல் லட்சுமிநாராயணனோடு எழுதின கட்டுரை, சி.டி. ஸ்கேன் படத்தைக் கணக்கிட ஒரு நல்ல வழியைக் காட்டியது. 1977-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். கடைசிக் காலத்தில் பார்க்கின்சன் நோய் படுத்திவிட்டது. 1998-ல் மனைவி ராஜம் போனது பெரிய அடி. 1999-ல் படிகவியலின் எவால்ட் பரிசு வந்தது. 2001 ஏப்ரல் 7-ல் சென்னையில் காலமானார்.

அவர் வளர்த்த படிகவியல், உயிரியற்பியல் துறை கிண்டி வளாகத்தில் இன்றும் நடக்கிறது. சென்னைக்குப் போகிற நம் மாணவர்கள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.