டாங்மியர் விமானதளத்திலிருந்து புறப்பட்ட திப்புவின் பேத்தி

திண்டுக்கல் பேகம்பூர் பெரிய பள்ளிவாசலுக்குப் போய் வந்தவர்களுக்கு அந்த ஊர்ப்பெயரின் கதை தெரிந்திருக்கும். ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஸா பேகம் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். அவர் பெயரால்தான் அது பேகம்பூர் ஆனது. 1755-ல் மைசூர் அரசின் ஃபௌஜ்தாராக ஹைதர் இங்கே வந்தபோது அவர் ஒரு படைத்தலைவர் மட்டுமே. மலைக்கோட்டையில் இருந்துகொண்டு, பிரெஞ்சுக்காரர்களை வைத்து ஆயுதச்சாலை அமைத்து, இந்தச் சமவெளியின் வருவாயால் படையைப் பெருக்கித்தான் அவர் மைசூரையே ஆளும் நிலைக்கு உயர்ந்தார். 1790-ல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1799 மே 4 அன்று அவர் மகன் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வாளேந்திய கையோடு ஷஹீதானார்.

நம் வீடுகளில் இந்தக் கதையை இங்கே நிறுத்திவிடுகிறோம். ஆனால் அதற்கு 144 வருடம் கழித்து, அந்த வம்சத்தில் வந்த ஒரு பெண் இங்கிலாந்தின் கிராமப்புற விமானதளம் ஒன்றில் நிலா வெளிச்சத்தில் நின்றிருந்தார். அவர் பெயர் நூருன்னிஸா இனாயத் கான்.

நூரின் தந்தை ஹஜ்ரத் இனாயத் கான் பரோடாவில் பிறந்தவர், வீணைக் கலைஞர், சூஃபி வழியில் வந்தவர். அவருடைய பாட்டனார் மௌலா பக்ஷ், மைசூருக்கு வந்து கர்நாடக இசை பயின்று, மகாராஜாவிடம் விருது பெற்றவர். அந்த மௌலா பக்ஷின் மனைவி காசிம் பீபி திப்புவின் பேத்தி என்பது குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவந்த செய்தி. இனாயத் கான் 1910-ல் கடல் கடந்து சென்று, ஓரா ரே பேக்கர் என்ற அமெரிக்கப் பெண்ணை மணந்தார். ஓரா, அமீனா பேகம் ஆனார். இவர்களுடைய மூத்த பிள்ளையாக 1914 ஜனவரி 1 அன்று மாஸ்கோவில் நூர் பிறந்தார்.

முதல் உலகப்போர்க் காலத்தை லண்டனில் கழித்த குடும்பம், பிறகு பாரிஸ் அருகே சுரேன் என்ற ஊரில் ஃபஸல் மன்ஸில் என்ற வீட்டில் குடியேறியது. இந்தியாவுக்கு வந்த தந்தை 1927-ல் டெல்லியிலேயே வஃபாத்தானார். துக்கத்தில் தாய் அறைக்குள் ஒடுங்கிவிட, 13 வயது நூர்தான் இரண்டு தம்பிகளையும் தங்கையையும் கவனித்துக்கொண்டார். அதோடு வீணையும் ஹார்ப்பும் வாசித்தார், குழந்தை உளவியல் படித்தார், சிறுவர்களுக்குக் கதை எழுதினார். அவருடைய கதைகள் பாரிஸ் வானொலியில் ஒலிபரப்பாயின. புத்தர் ஜாதகக் கதைகளை அவர் சிறுவர்களுக்காக எழுதிய புத்தகம் 1939-ல் லண்டனில் வெளியானது.

மறுவருடம் ஹிட்லரின் படை பாரிஸை நெருங்கியது. எந்த உயிரையும் நோகடிக்கக் கூடாது என்று தந்தையிடம் படித்த பிள்ளைகள் அப்போது என்ன செய்வது? நூரும் தம்பி விலாயத்தும் உட்கார்ந்து பேசினார்கள். கொல்லுகிற வேலை வேண்டாம், ஆனால் ஆபத்து அதிகமுள்ள வேலையை ஏற்போம் என்று முடிவு செய்தார்கள். 1940 ஜூனில் கப்பலேறி இங்கிலாந்து போனார்கள். நவம்பரில் நூர் விமானப்படையின் மகளிர் துணைப்படையில் சேர்ந்தார். பதிவேட்டில் தன் பெயரை நோரா என்று கொடுத்தார். வெளிநாட்டு அலுவலகங்களில் வாய்க்கு எளிதாக இருக்கட்டும் என்று பெயரைச் சுருக்கிக்கொள்ளும் நம் பிள்ளைகளுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் வயல்வெளிகளில் நூற்றுக்கணக்கான விமானதளங்கள் முளைத்தன. நம் பக்கத்திலும் அப்படி உண்டு. காரைக்குடி அருகே செட்டிநாட்டிலும், கயத்தாறிலும், உளுந்தூர்பேட்டையிலும் அதே போருக்காகப் போட்ட ஓடுதளங்களை வழிப்போக்கர்கள் பார்த்திருக்கலாம். விமானம் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். தரையில் வானொலிக் கருவி முன்னால் காதில் கருவி மாட்டி உட்கார்ந்திருந்தவர்களில் பெண்கள் ஏராளம். அப்படித்தான் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே அபிங்டன் தளத்தில் நூர் வேலை பார்த்தார். குண்டுவீச்சு விமானிகள் பயிற்சி பெறும் தளம் அது. குளிரில் விரல் வெடித்து வீங்கியதால் தந்தி விசையை அவர் ஓங்கி ஓங்கி அடிப்பார். கூட இருந்த பெண்கள் அதற்கொரு பட்டப்பெயரே வைத்திருந்தார்கள்.

அதிகாரிப் பதவிக்கான நேர்காணலில் இந்திய விடுதலை பற்றிக் கேட்டார்கள். போர் முடியும்வரை இந்தப் பக்கம் நிற்பேன், முடிந்த பிறகு என் நாட்டுக்கு விடுதலை வேண்டுவேன் என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டு, வேலை போய்விட்டது என்று நினைத்தபடி வெளியே வந்தார். திப்புவைக் கொன்றவர்களுக்கு திப்புவின் பேத்தி ஏன் உழைத்தார் என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். அந்த அறையில் அவர் சொன்ன பதிலையும் சேர்த்து எடைபோட்டுப் பார்த்தால், அவர் யாருக்கும் அடிமை ஊழியம் செய்யவில்லை என்பதே நம் கருத்து.

பிரெஞ்சு சரளமாகப் பேசுவார், தந்தியும் தெரியும் என்பதால் ரகசியப் பணிக்குழு அவரைத் தேர்ந்தெடுத்தது. பயிற்சியாளர்கள் பலருக்கு அவர்மேல் நம்பிக்கை இல்லை. கனவு காண்கிறவர், பொய் சொல்லத் தெரியாதவர் என்று எண்ணினார்கள். உளவு வேலைக்கு அது குறைதான். ஆனால் வானொலி இயக்க ஆள் கிடைக்காத நேரம் அது. பிரான்ஸில் பிடிபடாமல் ஒரு வானொலி இயக்குநர் தாக்குப்பிடிப்பது ஆறு வாரம் என்று கணக்கு வைத்திருந்தார்கள். அதைச் சொல்லியே கேட்டார்கள், அவர் சம்மதித்தார்.

டாங்மியர் என்பது சஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில், கடலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 1917-லேயே அங்கே விமானதளம் வந்துவிட்டது. தளத்தின் வாசலுக்கு எதிரே கொடி படர்ந்த ஒரு வீடு இருந்தது. பிரான்ஸுக்குப் போகிறவர்கள் கடைசியாகச் சாப்பிடுவது அங்கேதான். பௌர்ணமியை ஒட்டிய சில நாட்கள் மட்டுமே இந்தப் பயணம் நடக்கும், ஏனென்றால் விமானிக்கு வழிகாட்ட நிலவைத் தவிர வேறு வெளிச்சம் கிடையாது. லைசாண்டர் என்ற அந்தச் சிறிய விமானத்தை ஒரு வயலில்கூட இறக்கிவிடலாம். கீழே காத்திருப்பவர்கள் மூன்று கைவிளக்குகளைக் காட்டுவார்கள். பக்கவாட்டு ஏணியில் ஆட்கள் இறங்க, திரும்புகிறவர்கள் ஏற, சில நிமிடத்தில் விமானம் மறுபடி எழும்பிவிடும்.

1943 ஜூன் 16 இரவு நூர் புறப்பட்டார். வழியனுப்ப வந்த அதிகாரி வேரா அட்கின்ஸ் சட்டையில் குத்தியிருந்த பறவை வடிவ ஊசியை நூர் அழகாயிருக்கிறது என்று பாராட்ட, அவர் அதைக் கழற்றி நூருக்கே குத்திவிட்டார். அதே இரவு டயானா ரவுடன், செசிலி லெஃபோர்ட் என்ற இரு பெண்களும் புறப்பட்டனர். மூவரில் ஒருவரும் திரும்பி வரவில்லை.

ஆஞ்ஜே நகருக்கருகே வயலில் இறங்கிய நூர் பாரிஸ் போய்ச் சேர்ந்த பத்து நாளுக்குள், அவர் சேர வேண்டிய குழுவே ஜெர்மானியரிடம் சிக்கியது. திரும்பி வந்துவிடு என்று லண்டன் சொன்னது. தானும் போய்விட்டால் பாரிஸிலிருந்து செய்தி அனுப்ப ஆளில்லை என்று அவர் மறுத்துவிட்டார். பெட்டிக்குள் வைத்த 15 கிலோ அளவிலான கருவியைத் தூக்கிக்கொண்டு வீடு மாற்றி வீடு ஓடினார். அலைவரிசையை மோப்பம் பிடிக்கும் வண்டிகள் தெருக்களில் சுற்றிக்கொண்டிருந்தன. ஒருமுறை வழிமறித்தவர்களிடம் இது சினிமாப் படம் காட்டும் கருவி என்று சொல்லித் தப்பினார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். பொய் சொல்லத் தெரியாதவர் என்று எழுதிவைத்த பயிற்சியாளர்கள் அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும்.

ஆறு வாரம் என்ற கணக்கைத் தாண்டி ஏறத்தாழ நான்கு மாதம் நின்றார். அக்டோபரில் ஒருவர் காட்டிக்கொடுக்க, பிடிபட்டார். ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அனுப்பிய செய்திகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அது ஜெர்மானியர் கையில் சிக்கியது. அதை வைத்து அவர்கள் அவர் பெயரில் லண்டனுக்குப் பொய்ச் செய்திகள் அனுப்பினார்கள். லண்டன் அவற்றை நம்பி மேலும் ஆட்களை அனுப்ப, அவர்களும் பிடிபட்டார்கள். நூரின் வாயிலிருந்து மட்டும் எதிரிகளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவரை விசாரித்த ஜெர்மன் அதிகாரிகளே போருக்குப் பிறகு இதை ஒப்புக்கொண்டார்கள்.

நவம்பரில் இரண்டு கைதிகளோடு கூரை வழியாகத் தப்பினார். அந்நேரம் பார்த்து விமானத் தாக்குதல் எச்சரிக்கை ஒலிக்க, காவலர்கள் அறைகளைச் சோதித்தார்கள். மறுபடி பிடிபட்டார். இனித் தப்ப முயலமாட்டேன் என்று எழுதித் தர மறுத்ததால் ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் சிறைக்கு அனுப்பினார்கள். அங்கே பத்து மாதம் தனிமைச் சிறை, கைகால்களில் சங்கிலி. சாப்பாட்டுப் பாத்திரத்தின் அடியில் தன் பெயரையும் தாயாரின் லண்டன் முகவரியையும் கீறி வைத்தார். பாத்திரம் கழுவப் போகும்போது மற்ற கைதிகள் அதைப் படித்துக்கொண்டார்கள். டேவிட்டன் தெரு, 4-ம் எண் வீடு. போருக்குப் பின் அவரைத் தேடியவர்களுக்கு உண்மை தெரிய அந்தச் சிறைத்தோழிகளின் சாட்சியம் உதவியது.

1944 செப்டம்பர் 13 அன்று டகாவ் முகாமில் வேறு மூன்று பெண்களோடு அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 30. உடலை எரித்துவிட்டதால் ஜனாஸாவும் இல்லை, கப்ரும் இல்லை. இன்னாலில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

பிரான்ஸ் 1946-லும் பிரிட்டன் 1949-லும் உயரிய வீரப்பதக்கங்கள் கொடுத்தன. 2012-ல் லண்டனில் கார்டன் சதுக்கத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். சிலை விஷயத்தில் நமக்கு மாற்றுக் கருத்து உண்டு என்றாலும், 2020-ல் அந்த டேவிட்டன் தெரு வீட்டில் நீலப் பலகை பதித்ததைப் படித்தபோது மனம் கனத்தது. பாத்திரத்தின் அடியில் கீறிய அதே முகவரி.

கப்ரு இல்லாத விமானப்படையினர் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைப் பொறித்த ரன்னிமீட் நினைவகத்தில் அவர் பெயரும் இருக்கிறது. டாங்மியர் தளம் 1970-ல் மூடப்பட்டது. அதன் ஓரத்தில் இப்போது ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. நூரை ஏற்றிக்கொண்டு விமானம் எழும்பிய மைதானத்தின் ஒரு பகுதியில் கண்ணாடிக் கூடாரங்கள் போட்டு, குடைமிளகாய் பயிரிடுகிறார்கள்.